அடுக்குமாடி வீட்டில் சிறிய நாயின் கழிப்பிடப் பழக்கம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிறுநீரை உறிஞ்சும் விரிப்பான பேட் விரித்தாயிற்று, நாயும் பாதி நேரம் அதில்தான் போகிறது, ஆனாலும் சோபாவின் பின்புறத்திலோ படுக்கையறை வாசலிலோ அவ்வப்போது ஈரம் கிடக்கிறது என்னும் நிலையில் இருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. பேட், செயற்கைப் புல் ட்ரே, கம்பி வலை பதித்த ட்ரே, குளியலறைத் தரை என எதைக் கழிப்பிடமாக வைத்திருந்தாலும் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பிடிவாதம், பழிவாங்கல், சோம்பல் என்று நாயின் மீது சுமத்தப்படும் காரணங்களை ஒதுக்கிவிட்டு, சிறுநீர் கிடந்த இடம், அதன் அளவு, அது நேர்ந்த நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு காரணத்தைக் கண்டறிவதே இங்கே பின்பற்றப்படும் முறை.

துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஈரத்தைக் கண்டவுடன் துணியை எடுக்காமல் அரை நிமிடம் அதைப் பாருங்கள். ஒரே இடத்தில் குளமாகத் தேங்கியிருந்தால், நிறைந்திருந்த சிறுநீர்ப்பையை நாய் முழுமையாகக் காலி செய்திருக்கிறது என்று பொருள். அது நேரத்தையோ இடத்தையோ சார்ந்த பிழை. சிறு திட்டுகளாகவோ சொட்டுகளாகவோ பல இடங்களில் இருந்தால், அடையாளமிடல் (தன் வாடையைப் பதிக்கச் சிறிது சிறிதாகத் தெளித்தல்), பரவசம், அச்சம், நோய் ஆகியவற்றுள் ஒன்றைத் தேட வேண்டும். தரையில் விழுந்திருக்கிறதா அல்லது சுவர், நாற்காலிக் கால், திரைச்சீலை ஓரம் போன்ற நிமிர்ந்த பரப்பில் வழிந்திருக்கிறதா என்பதையும், பேட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும், நாய் கடைசியாக உண்டதும் உறங்கி எழுந்ததும் எப்போது என்பதையும், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒரு வாரத்துக் குறிப்பு சேர்ந்துவிட்டால், கீழே உள்ள தலைப்புகளில் உங்களுக்குரியது எது என்பது பெரும்பாலும் தானே புலப்பட்டுவிடும்.

பயிற்சியைத் தொடும் முன்: நோயின் அறிகுறிகள்

பல வாரங்கள் தவறின்றி இருந்த நாய் திடீரென்று தவறத் தொடங்கினால், பயிற்சியை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. அடிக்கடி உட்கார்ந்து சிறிது சிறிதாகக் கழித்தல், முக்குதல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் வரும் உறுப்பை ஓயாமல் நக்குதல் ஆகியவை சிறுநீர்த் தொற்றையோ சிறுநீர்ப்பைக் கல்லையோ குறிக்கலாம். ஷி ட்சூ, பிஷான் ஃப்ரீஸே, மினியேச்சர் ஷ்னவுசர் போன்ற சிறிய இனங்களில் கல் அதிகம் காணப்படுகிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் நீர் குடித்தால் அது இயல்பைத் தாண்டிய அளவு. அதாவது 3 கிலோ எடையுள்ள நாய் 300 மில்லி லிட்டரைத் தாண்டினால் சிறுநீரக நோய், நீரிழிவு, குஷிங் நோய் (கார்டிசால் ஹார்மோன் மிகுதியாவதால் வருவது) போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். கிண்ணத்தில் ஊற்றும் நீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் இது எளிதில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ கொடுத்துவருபவர்கள் அதிகச் சிறுநீரை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கவே கூடாது. முக்கியும் சிறுநீர் வராத நாய், குறிப்பாக ஆண் நாய், அடைப்பினால் அன்றைக்கே உயிரிழப்பை நெருங்கக்கூடும். கருத்தடை செய்யாத பெண் நாய், சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, உணவை மறுத்து, நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் அவசர நிலை.

அறிகுறி: வீட்டில் எங்கே வேண்டுமானாலும் போகிறது

இதுவே பலருடைய நிலை, இதற்கான தீர்வே மற்றவை பலவற்றுக்கும் அடிப்படை என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு குட்டிக்கு இரண்டு படுக்கையறை கொண்ட வீடு என்பது மிகப் பெரிய நிலப்பரப்பு. உறங்குமிடத்தையும் உண்ணுமிடத்தையும் மட்டுமே அது வீடாகக் கருதுகிறது. விருந்தினர் அறையின் மூலை அதன் கணக்கில் வெளியிடமே. எனவே வீடு முழுவதையும் திறந்துவிட்டு ஒரு மூலையில் பேட்டை விரித்திருந்தால், அந்த மூலைக்கே செல்ல வேண்டிய காரணம் குட்டிக்கு இல்லை.

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். மடக்கு வேலியாலோ கதவுத் தடுப்பாலோ ஒரு சிறிய பகுதியை அடைத்து, ஒரு முனையில் படுக்கையும் நீரும் வைத்து, எஞ்சிய தரையின் பெரும்பகுதியைப் பேட்டுகளால் மூடிவிடுங்கள். குட்டி எங்கே போனாலும் அது சரியான பரப்பாகவே அமையும். ஒரு வாரத்தில் அதற்கு விருப்பமான மூலை எது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு படுக்கைக்கு அருகிலுள்ள பேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அது தேர்ந்தெடுத்த மூலையில் மட்டும் விட்டுவையுங்கள். நாம் தேர்ந்தெடுத்த மூலையைத் திணிப்பதைவிட அதன் தேர்வை ஏற்றுக்கொள்வது விரைவில் பலன் தருகிறது. பின்னர் அங்கிருந்து மெல்ல நகர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். உறங்கி எழுந்தவுடன், உணவு உண்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள், விளையாட்டு முடிந்தவுடன், இரவு படுக்கும் முன் என்பவை தவறாமல் அழைத்துச் செல்ல வேண்டிய வேளைகள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், உணவு நேரம் சீராக இருந்தால் மல நேரமும் சீராகிவிடும். நாள் முழுவதும் தட்டில் உணவை வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சீர்மை ஒருபோதும் வருவதில்லை. எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்குக் குட்டியின் வயதை மாதங்களில் எண்ணி ஒன்றைக் கூட்டிக்கொள்வது பரவலான கணக்கு: இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். ஆனால் அது படுத்துறங்கும் குட்டிக்குரிய மேல்வரம்பு. ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் சிறிய இனக் குட்டிக்கு ஒரு மணி நேரமே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டுக்கு அழைத்துச் செல்லும்போது தூக்கிச் செல்லாமல் லீஷ் கட்டி நடத்திச் செல்லுங்கள், ஏனென்றால் பின்னாளில் தானாகச் செல்ல வேண்டிய வழியை அது தன் கால்களால்தான் கற்கிறது. பேட்டின் அருகே ஐந்து நிமிடம் பேசாமல், விளையாடாமல் நில்லுங்கள். கழிக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லி, முடித்த ஓரிரு நொடிகளுக்குள் அங்கேயே ஒரு சிறு துண்டுத் தீனியைக் கொடுங்கள். சமையலறைக்கு ஓடிப்போய் டப்பாவைத் திறந்து கொண்டுவருவதற்குள் நாயின் கணக்கில் அந்தப் பரிசு வேறொன்றுக்கானதாகிவிடும். எனவே தீனி டப்பா பேட்டுக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் திட்டாமல் வேலிக்குள்ளோ உங்கள் இடுப்பில் கட்டிய லீஷிலோ வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். போகாத குட்டியை அந்த இடைவெளியில் அவிழ்த்துவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

இரண்டு வாரம் தவறே இல்லாமல் கடந்த பின் ஓர் அறையைக் கூடுதலாகத் திறந்துவிடலாம். அதில் தவறு நேர்ந்தால் முந்தைய எல்லைக்குத் திரும்ப வேண்டும். சிறுநீர் குறையட்டும் என்று நீரை மறைத்துவைப்பதும் உணவைக் குறைப்பதும் சிலர் செய்யும் குறுக்குவழிகள். மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால் அவற்றை அறவே தவிர்க்கவும்.

அறிகுறி: பேட்டில் நிற்கிறது, ஆனால் சிறுநீர் வெளியே விழுகிறது

நாய் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பாதங்களின் அடியில் பேட் தட்டுப்படுகிறதா என்பதை வைத்தே அது இடத்தை அறிகிறது, தன் பின்புறம் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பார்ப்பதில்லை. முன்னங்கால்கள் ஏறியவுடன் உட்கார்ந்துவிடும் நாய்க்கு, மூக்கு முதல் வால் தொடக்கம் வரையிலான நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீள அகலமுள்ள பரப்பு வேண்டும். பெரிய அளவு பேட்டுக்கு மாறுங்கள், அல்லது இரண்டை ஓரங்கள் ஒன்றன்மீது ஒன்று படியும்படி விரித்து நாடாவால் ஒட்டுங்கள். மூன்று பக்கம் சுவர் கொண்ட மூலையில் வைத்தால் நாய் உள்ளே நுழைந்து திரும்பித்தான் உட்கார முடியும். அந்த ஒரு திருப்பமே உடல் முழுவதையும் பேட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. காலைத் தூக்கும் ஆண் நாயாக இருந்தால் ட்ரேயின் நடுவில் ஒரு சிறிய நிமிர்ந்த குழாயையோ நீர் நிரப்பிய பாட்டிலையோ பேட்டால் சுற்றி நிறுத்துங்கள். ஓரத்துச் சுவரிலும் ஒரு பேட்டை ஒட்டிவைப்பது சில வாரங்களுக்காவது தேவைப்படும்.

அறிகுறி: பேட்டையும் பயன்படுத்துகிறது, மிதியடியையும் பயன்படுத்துகிறது

பிறந்து ஏறத்தாழ எட்டு, ஒன்பது வாரங்களில் குட்டிகளுக்குக் கழிப்பிடப் பரப்பின் மீது ஒரு விருப்பம் நிலைகொள்ளத் தொடங்குகிறது. மென்மையாகவும் உறிஞ்சுவதாகவும் இருப்பதே கழிப்பிடம் என்று பேட்டின் மூலம் நாம் கற்பித்துவிட்டால், குளியலறை மிதியடி, கம்பளம், தரையில் விழுந்த துண்டு, சலவைக்குக் குவித்த துணி ஆகிய அனைத்தும் அந்த வரையறைக்குள் அடங்கிவிடுகின்றன. நாய் விதியைச் சரியாகவே பின்பற்றுகிறது; விதிதான் மிகவும் அகலமாக இருக்கிறது.

பயிற்சிக் காலம் முழுவதும் தரையிலிருந்து எல்லா மிதியடிகளையும் எடுத்துவிடுவதே எளிய தீர்வு. எடுக்க முடியாத கம்பளம் இருக்கும் வீட்டில் பேட்டின் பரப்பை மாற்றிவிடுங்கள்: வலைமூடி உள்ள சட்டத்துக்குள் பேட்டைச் செருகினாலோ செயற்கைப் புல்லுக்கு மாறினாலோ, பாதத்துக்குத் துணியும் கழிப்பிடமும் வெவ்வேறாகத் தெரியும். புல்லுக்கு மாறும்போது பயன்படுத்திய பேட்டின் ஒரு துண்டை முதல் சில நாட்கள் புல்லின் மீது வையுங்கள். செயற்கைப் புல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பராமரிப்பு குறைவு என்று சொல்லி விற்கப்பட்டாலும், நாள்தோறும் அலசிக் காயவிடாவிட்டால் நாற்றம் இழைகளின் அடியில் தங்கிவிடுகிறது, இரண்டு விரிப்புகளை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்த இயலாதவர்களுக்குப் பேட்டே மேல்.

பயிற்சி முடிந்து மிதியடிகளைத் திரும்பக் கொண்டுவரும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் நீங்கள் அதே அறையில் இருக்கும் வேளையில் மட்டும் விரியுங்கள்.

அறிகுறி: நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போவதில்லை, மறைவில் போய்விடுகிறது

பேட்டின் அருகே பத்து நிமிடம் நின்றாலும் ஒன்றும் நடக்காது. நீங்கள் தொலைபேசியை எடுக்கத் திரும்பியவுடன் மேசைக்கு அடியில் வேலை முடிந்திருக்கும். தவறு நேர்ந்த இடத்தில் அதட்டியது, மூக்கை ஈரத்தில் தேய்த்தது, செய்தித்தாளைச் சுருட்டி அடித்தது ஆகியவற்றுள் ஏதோ ஒன்று, உங்களாலோ முன்பு வளர்த்தவராலோ நடந்திருக்கிறது என்பதற்கு இது ஏறத்தாழ உறுதியான அடையாளம். நாய் அதிலிருந்து கற்றது, மனிதர் முன்னிலையில் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்பதை மட்டுமே. எந்த இடம் சரி, எது தவறு என்ற செய்தி அதைச் சென்றடையவேயில்லை.

தவறு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று இதற்கு மறுமொழி கூறப்படுவதுண்டு. காதை மடக்கி, பார்வையைத் திருப்பி, உடலைக் குறுக்கும் அந்த முகத்தை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட சோதனையில் ஆராய்ந்தார். நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதைவிட, உரிமையாளர் அதட்டினாரா என்பதைப் பொறுத்தே அந்த முகம் தோன்றியது. அதாவது அது உங்கள் கோபத்துக்கான மறுமொழி, ஒப்புதல் வாக்குமூலம் அன்று.

சரிசெய்யப் பொறுமை தேவைப்படுகிறது. இன்றிலிருந்து தண்டனை என்பதே கிடையாது என்று வீட்டிலுள்ள அனைவரும் உடன்பட வேண்டும்; ஒருவர் பரிசளித்து மற்றொருவர் அதட்டும் வீட்டில் இந்த அறிகுறி தீர்வதில்லை. பேட்டின் மூன்று பக்கங்களை அட்டையாலோ சிறு தடுப்பாலோ மறைத்து, நாய்க்கு ஓரளவு தனிமை கொடுங்கள். நீளமான லீஷைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்று, கடைக்கண்ணால் மட்டும் கவனியுங்கள். முடித்தவுடன் நெருங்கிச் செல்லாமல் தீனியை அதன் முன்னால் உருட்டிவிடுங்கள். நாய் தளர்ந்து, உங்களை எதிர்பார்த்துத் திரும்பத் தொடங்கிய பிறகு தொலைவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கம்பளத்தில் கழித்துக்கொண்டிருப்பதை நேரில் கண்டால், ஒரு மெல்லிய கைதட்டலால் நிறுத்தி, பேட்டுக்கு அழைத்துச் சென்று, மிச்சத்தை அங்கே முடித்தால் பரிசளியுங்கள். ஏற்கெனவே முடிந்துபோயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை, துடைத்துவிட வேண்டியதுதான்.

அறிகுறி: துடைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் போகிறது

நம் மூக்குக்குத் தெரியாத நாற்றம் நாயின் மூக்குக்கு அங்கேயே இருக்கிறது. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைப்பதால்தான் பழைய கறை நாறுகிறது. எனவே அம்மோனியா கலந்த தரைக் கழுவியால் துடைப்பது அதே அழைப்பைப் புதுப்பித்து எழுதுவதாகிவிடும். பினாயில் போன்ற நெடி மிகுந்த திரவங்கள் நம் மூக்கைத்தான் திருப்திப்படுத்துகின்றன. அடியிலுள்ள சிறுநீர் அப்படியே இருக்கிறது, பாதங்களை நக்கும் சிறிய நாய்க்கு அவை நல்லவையும் அல்ல. பிளீச்சைச் சிறுநீரின் மீது ஊற்றவே கூடாது: அம்மோனியாவுடன் சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமின் வாயுவை உண்டாக்கும், சிறிய குளியலறைகளில் அது நமக்கே ஆபத்து.

முதலில் காகிதத்தாலோ துணியாலோ அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு வெறும் நீரால் துடைத்து, செல்லப் பிராணிகளின் கறைக்கென விற்கப்படும் என்சைம் கிளீனரை (சிறுநீரைச் சிதைக்கும் நொதிகள் கொண்ட திரவம்) சிறுநீர் பரவிய பரப்பைவிடச் சற்று அகலமாக ஊற்றுங்கள். தெளித்தவுடன் துடைத்தெடுப்பதுதான் இங்கே நேரும் பொதுவான பிழை. என்சைம் வேலை செய்ய நேரம் தேவை, குறைந்தது 10 முதல் 15 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும், கம்பளம், மெத்தை போன்றவற்றில் தானே உலரும்வரை விட்டுவிட வேண்டும். அதே இடத்தில் கிருமிநாசினியைச் சேர்த்தால் என்சைம் செயலிழந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குச் சென்றால், நீங்கள் சுத்தம் செய்த இடமும் சிறுநீர் தேங்கிய இடமும் வேறாக இருக்கலாம். தரை ஓடுகளின் இடுக்குகள், சுவரும் தரையும் சேரும் கோடு, சோபாவின் கால், மரப்பலகையின் அடி ஆகியவற்றுக்குள் அது வழிந்து சென்றிருக்கும். இரவில் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சைப் பிடித்தால் காய்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். சோப்புத் தூளின் எச்சமும் ஒளிரும் என்பதால் முகர்ந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கறை நீங்கிய பின் சில வாரங்களுக்கு அந்த இடத்தில் உணவுக் கிண்ணத்தையோ படுக்கையையோ வைப்பது நல்ல ஏற்பாடு.

ஈர்ப்பு மணம் கொண்ட தெளிப்பான்களைப் பற்றி இங்கே சொல்லிவிடலாம்: அவற்றுக்குச் செலவிடுவதைவிட, பழைய பேட்டில் ஈரமான பகுதியை ஒரு கையளவு வெட்டிப் புதிய பேட்டின் அடியில் வைப்பது அதிகப் பயன் தருகிறது.

அறிகுறி: சிறுநீர் சரியாகப் போகிறது, மலம் மட்டும் வேறிடத்தில்

சிறுநீர் கழித்த இடத்திலேயே மலம் கழிக்கப் பல நாய்கள் விரும்புவதில்லை. அதற்கு முன் வட்டமிட்டு நடக்கவும் அவற்றுக்கு இடம் வேண்டும். இரண்டாவது பேட்டை இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்தவுடன் ஈரமான பேட்டை மாற்றிவிட்டு, உணவுக்குப் பின் மீண்டும் லீஷில் அழைத்துச் சென்று, இந்த முறை நிற்காமல் பேட்டுகளைச் சுற்றி மெதுவாக நடத்துங்கள். மலம் இளகியோ மிகக் கடினமாகவோ இருந்தால் உணவையும் குடற்புழுவையும் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: பேட்டைக் கிழிக்கிறது, அல்லது அதன்மேல் படுத்துறங்குகிறது

கிழிப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், பேட்டின் உள்ளே நீரை உறிஞ்சிப் பன்மடங்கு ஊதும் பாலிமர் துகள்களும் அடியில் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றன. சிறிய நாயின் குடலை அடைக்க அவை போதும். துண்டுகளை விழுங்கியிருந்து வாந்தியோ உணவு மறுப்போ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஓரங்களை இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் வலைமூடியும் கிழிப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், கடிப்பதற்கு வேறு பொருள் கொடுத்தால் மிச்சமும் நிற்கும். படுத்துறங்கும் நாய்க்குப் படுக்கை போதிய மென்மையாக இல்லை, அல்லது பேட் படுக்கைக்கு மிக அருகில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டையும் பிரித்து, படுக்கையை மேம்படுத்துங்கள்.

அறிகுறி: வளர்ந்த பின் சுவரிலும் நாற்காலிக் காலிலும் சிறிது சிறிதாகத் தெளிக்கிறது

பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தொடங்கும் அடையாளமிடல் இது. ஆண் நாய்களில் அதிகம். பெண் நாய்களும் செய்வதுண்டு. அடுத்த வீட்டு நாயின் வாடை கதவிடுக்கு வழியாக வருவது, புதிய அறைக்கலன், விருந்தினரின் பை, வீட்டில் இன்னொரு விலங்கு ஆகியவை தூண்டுதல்கள். கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் நாய்களில் இது குறைகிறது, ஆனால் எல்லாவற்றிலும் முற்றிலும் மறைவதில்லை. எனவே அதோடு சேர்த்து, தெளிக்கப்பட்ட இடங்களை என்சைம் கிளீனரால் துடைத்து, புதிய பைகளையும் பொருட்களையும் உயரத்தில் வைத்து, வாசற்கதவுக்கு அருகில் தனியே உலவ விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை சுவரைக் காக்கும், பழக்கத்தை மாற்றாது. அதை நனைந்தவுடன் மாற்றாவிட்டால் தோல் புண்ணாகிவிடும்.

அறிகுறி: வீட்டுக்குள் நுழைந்து கொஞ்சும்போது சொட்டுகிறது

குனிந்து, வாலைத் தாழ்த்தி, சில சமயம் புரண்டு படுத்துச் சொட்டினால் அது பணிவினாலோ அச்சத்தினாலோ நேர்வது. துள்ளிக்கொண்டே சொட்டினால் பரவசம். இரண்டும் நாயின் கட்டுப்பாட்டில் இல்லாதவை, ஆகவே பயிற்சியும் அதட்டலும் இங்கே பொருந்தா. அதட்டினால் முதல் வகை மோசமாகும். உள்ளே வந்தவுடன் நாயைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றி, பையை வைத்து, அது அடங்கிய பின் பக்கவாட்டில் அமர்ந்து, தலைக்கு மேல் கையை நீட்டாமல் மார்பின் கீழே தடவிக்கொடுங்கள். குட்டிகளில் பெரும்பாலும் வயது ஏற ஏற இது நின்றுவிடுகிறது.

அறிகுறி: தனியாக விட்டுச் சென்றால் மட்டும்

இங்கே ஊகிப்பதைவிட ஒரு பழைய கைப்பேசியைக் கேமராவாக வைத்துவிட்டுச் செல்வது நல்லது. நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் ஊளையும் வாசற்கதவைப் பிறாண்டலும் எச்சில் வடிதலும் நடையுமாக இருந்து, அதனூடே சிறுநீரும் போனால், அது பிரிவுப் பதற்றம். பேட்டை எங்கே வைத்தாலும் தீராது, நடத்தை அறிந்த கால்நடை மருத்துவரின் உதவியோடு தனிமையைச் சில நொடிகளிலிருந்து தொடங்கிப் பழக்க வேண்டும். மாறாக, நான்கைந்து மணி நேரம் அமைதியாக உறங்கிவிட்டு எழுந்து கம்பளத்தில் போகிறது என்றால், ஏற்கெனவே நனைந்த பேட்டில் ஏற விரும்பவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். இரண்டாவது பேட் வையுங்கள். குளியலறையைக் கழிப்பிடமாக்கியிருப்பவர்கள் கதவு காற்றில் சாத்திக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாய் நன்றாகக் கற்றிருந்தும் மூடிய கதவின் முன்னால் ஈரம் கிடக்கும் வீடுகள் பல, ஒரு கதவு நிறுத்தி அங்கே போதுமானது.

அறிகுறி: கூண்டுக்குள்ளும் படுக்கையிலும் ஈரம்

கூண்டு மிகப் பெரியதாக இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் படுக்க முடிகிறது. எழுந்து, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவே போதும். நீண்ட நேரம் கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்ட குட்டிகள், உறங்குமிடத்தைத் தூய்மையாக வைக்கும் இயல்பை இழந்துவிட்டிருக்கும். அவற்றுக்குக் கூண்டு முறை பலிக்காது, மேலே சொன்ன வேலி முறைக்கே செல்லுங்கள். உறங்கிக்கொண்டிருக்கும்போதே, தானறியாமல் படுக்கை நனைந்தால் அது பழக்கமே அன்று: கருத்தடை செய்த பெண் நாய்களில் சிறுநீர்த் தாரையின் சுருக்குத் தசை தளர்வதால் இது நேர்வதுண்டு, மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. பிறந்தது முதல் இடைவிடாமல் சொட்டும் குட்டிக்குச் சிறுநீர்க் குழாய் இடம் மாறி இணைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும்.

அறிகுறி: முதுமையில் பழக்கம் கலைகிறது

ட்ரேயின் விளிம்பு இரண்டு அங்குல உயரமாக இருந்தாலும் மூட்டுவலி உள்ள நாய்க்கு அது தடையே. விளிம்பற்ற பேட்டுக்குத் திரும்புங்கள், வழுக்கும் தரையில் பேட் வரை பிடிப்புள்ள விரிப்பைப் போடுங்கள். அறையின் மூலையில் திசையறியாமல் நிற்பது, பகலில் உறங்கி இரவில் அலைவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் மூளை முதுமைக் கோளாறு இருக்கலாம். படுக்கைக்கு அருகிலேயே கூடுதல் பேட்டும் இரவு விளக்கும் வைத்து, குட்டிக்கால நேர அட்டவணையை மீண்டும் தொடங்குவதே வழி.

அறிகுறி: வெளியே நெடுநேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேட்டில் போகிறது

தடுப்பூசி முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 16 வார வயது வரை, குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே பழக்கப்பட்ட குட்டிகளில் இது இயல்பு. வெளியிலும் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் மட்டுமே இதைப் பிழையாகக் கருதுங்கள். மேல்மாடியில் வசிப்பவர்களுக்கு இரண்டும் தெரிந்த நாயே வசதி என்பது என் கருத்து. காலையில் எழுந்தவுடன், பேட்டைக் காணும் முன், பயன்படுத்திய பேட்டின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கீழே செல்லுங்கள். அமைதியான ஒரே இடத்தில் அதைப் புல்லின் மீது வைத்து, நடக்காமல் நின்று, பழகிய அதே சொல்லைச் சொல்லுங்கள். முடித்த பிறகே நடை தொடங்க வேண்டும். முடித்தவுடன் திரும்பி மேலே வந்துவிட்டால், கழித்தால் உலா முடிந்துவிடும் என்று கற்று, நாய் அடக்கிக்கொள்ளும்.

வீட்டுக்குள் பேட்டை வாசலுக்கோ பால்கனிக்கோ மாற்ற விரும்புபவர்கள் ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் நகர்த்தக் கூடாது. தவறு நேர்ந்தால் முந்தைய நாளின் இடத்துக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே வைத்திருங்கள். பால்கனியாக இருந்தால், கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் நாயின் தலை நுழைகிறதா என்று பார்த்து வலை அடித்து, வெயிலில் தரை சுடும் நேரத்தைக் கையால் தொட்டறிந்து நிழல் அமைத்து, ட்ரேயைக் கழுவும் நீர் கீழ்வீட்டாரின் மீது வழியாமல் வடிகாலில் சேரும்படி ஏற்பாடு செய்த பிறகே பேட்டை அங்கே கொண்டுசெல்லுங்கள்.